மூட்டாத கைலி

யூனுஸ் பாய் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். சுவர் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் மனைவி ருக்மணி "நூறு" என்பாள். மலாக்காவின் காஜா பேராங்கில் அப்போது பாதி வீடுகள் அப்படித்தான். ஒரு வீட்டைக் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கி இரண்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று எவனும் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு சோறு தின்ன முடியாது.

யூனுஸ் பாய்க்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளிக் கைலிக் கடை. மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் கட்டம் போட்ட கைலிகள். மலாய்க்காரர், நம்மவர், மலையாளி, ஏன், வீட்டில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பாபா சீனர்கூட அதைத்தான் உடுத்துவார். துணி வரும்போது திறந்த துண்டாக வரும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால்தான் இடுப்பில் ஏறும். அதற்கு மூட்டுவது என்று பெயர். மற்றக் கடைக்காரர்கள் மூட்டுவதற்குத் தனிக்கூலி கேட்டார்கள். யூனுஸ் பாய் கடையில் அது இலவசம். அந்த இலவசம் எங்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொழுது விடிந்ததிலிருந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது. யூனுஸ் பாயின் தம்பி ஹாஜாவின் மனைவி ரோஷன் பீவி.

அவள் பினாங்குக்காரி. தகப்பனார் துறைமுகத்துப் பக்கம் சீருடை தைத்தவர். மகளுக்கு நகையைக் குறைத்து ஒரு சிங்கர் மெஷினைச் சீதனமாகக் கொடுத்து அனுப்பினார். வந்த இடத்தில் மூத்தவர் அதைப் பார்த்ததும் கைலிக் கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். கஞ்சிப் பசை மொடமொடக்கும் துணி, வெயிலில் தகிக்கும் தகரக் கூரை, விரலில் ஏறிய சாயம். குளித்து முடித்து வந்தாலும் அவள் நகக்கண் நீலமாகவே இருக்கும். மூட்டி முடித்த மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைப்பாள். செட்டிக் கம்பத்துப் பெண்கள் கெபாயாச் சட்டை தைக்கக் கொண்டுவருவார்கள். தமிழ்ச் சாமியைக் கும்பிட்டு மலாய் பேசும் அந்தப் பெண்களுக்கு இடுப்புப் பிடிப்பு சரியாக வரவேண்டும், இல்லாவிட்டால் வாசலில் நின்றே சண்டை போடுவார்கள். ரோஷன் பீவியிடம் ஒருத்தியும் சண்டை போட்டதில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய சூடு ஆறாத நாட்கள். ஊரில் எதைத் தொட்டாலும் "புதிய நாடு" என்று ஒரு பேச்சு. மாதர் சங்கம் ஒன்று டவுன் மண்டபத்தில் உடை அலங்கார அணிவகுப்பு வைத்தது. ஒவ்வோர் இனமும் தன் பழைய துணியில் புதிய மாதிரி ஒன்று தைத்துப் போட்டு மேடையில் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி மிஸி, அதாவது நர்ஸ், சிவகாமசுந்தரி அந்தச் சங்கத்தில் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம், மழை வருவதற்கு முந்திய புழுக்கத்தில், விசிறிக்கொண்டே அந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

"பீவி, சீலை கட்டிட்டுப் போறதுன்னா உன்கிட்ட எதுக்கு வர்றேன்? எல்லா லேடீஸும் சீலைதான் கட்டிட்டு வரப் போறாங்க. சீனத்திங்க புதுசு புதுசாத் தைக்கக் கொடுத்திருக்காங்களாம். நம்மாளுங்க மட்டும் அதே முந்தானையத் தூக்கிப் போட்டுட்டு நடக்கணுமா?"

"மிஸி, நான் ஒண்ணு சொன்னா ஏசப்படாது."

"சொல்லுலா."

"மெட்ராஸ்லேர்ந்து வந்த துணி. இந்த ஊர்ல எல்லா எனத்துக்காரவளும் உடுத்துற துணி. எங்க ஊட்டுல மலையாக் கெடக்கு."

"கைலியா? ஐயோ, அது ஆம்பள உடுப்பு!"

"கத்திரி போட்டாச்சுன்னா ஆம்பள ஏது, பொம்பள ஏது? மேல கெபாயா மாதிரி இடுப்பப் புடிச்ச சட்டை, கீழ கணுக்கால் வரைக்கும் பாவாடை. கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துத் தச்சேன்னா ஒட்டுப்போட்ட எடம் யாருக்கும் தெரியாது."

"பாத்துக்க பீவி. நான் மேடைல நிக்கணும்."

"நல்லா வந்துச்சுன்னா மிஸி, கடைத்தெரு நடைபாதை, அந்த அஞ்சடி ஓரமா மெஷின் போட ஒரு எடம் பாத்துத் தாங்க. இந்த மூட்டுற வேலைலேர்ந்து நான் எந்திரிக்கணும்."

அடுப்படியிலிருந்து மீன் ஆணம் கிண்டிக்கொண்டிருந்த யூனுஸ் பாயின் மனைவி ஹலீமா குரல் கொடுத்தாள். "எந்திரிச்சு எங்க போறே? இங்க என்ன ஒன்னைக் கட்டியா போட்டிருக்கு?"

"கட்டிப் போடல லாத்தா. கைலியப் போட்டுத்தான் மூடியிருக்கு."

அன்று சாயங்காலம் ரோஷன் பீவி ஹாஜாவிடம் துணி கேட்டாள். ஹாஜா, தான் நானா என்று கூப்பிடும் அண்ணனின் கடையில் துணி விரித்துக் காட்டுகிற ஆள். நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்வதற்கில்லாத ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த வகை.

"மூட்ட வந்த கட்டுல நான் கை வைக்க மாட்டேன், அது எண்ணி வந்தது. கடைலேர்ந்து மூட்டாததா, அரக்குச் செவப்புல எடுத்துட்டு வாங்க. ஒங்க நானாட்டக் கேட்டுட்டு எடுங்க" என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தான். "கேட்டீங்களா?" என்றாள்.

"நானாட்ட நான் சொல்லிக்கிறேன். நீ தை."

இதை நானும் கேட்டேன், ருக்மணியும் கேட்டாள். கருவாடு பொரிக்கிற சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

அடுத்து வந்த நாட்களில் மெஷின் சத்தமே மாறிப் போயிற்று. மூட்டுகிறபோது கடகடவென்று ஒரே ஓட்டமாக ஓடும். இதற்கு ஓடும், நிற்கும், மறுபடி மெல்ல ஊரும். ருக்மணி ஒரு சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "துணிய வச்சுக்கிட்டு கொழந்தையப் பாக்கிற மாதிரி பாக்கிறாங்க" என்றாள்.

அணிவகுப்பன்று அந்திக்கு ஊரே மண்டபத்தில் இருந்தது. நாங்களும் போனோம். ரோஷன் பீவியை அனுப்பவில்லை. ஹாஜா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தான். சீனப் பெண்கள் வந்தார்கள், கைதட்டல். மலாய்ப் பெண்கள் வந்தார்கள், கைதட்டல். சிவகாமசுந்தரி மேடை ஏறினாள். நான் உள்ளபடி சொல்கிறேன், அப்படி ஓர் உடுப்பை அதற்கு முன் பார்த்ததில்லை. அரக்குச் சிவப்புக் கட்டங்கள் தோளில் தொடங்கிக் கணுக்கால்வரை ஒரு கோடு பிசகாமல் இறங்கின. மார்பின் குறுக்கே கைலித் தலைப்பு, அந்த நெருக்கமான வெள்ளையும் கறுப்பும் ஓடிய பட்டை, பதக்கம் குத்தியதைப் போல எடுப்பாக நின்றது.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ஆண்கள் இருந்த பக்கம் முழுக்கச் சிரித்தது. ஒரு மலாய்க்காரக் கிழவர் எழுந்து நின்று தன் கைலியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். சிரிப்பு கூரையில் முட்டியது.

விஷயம் இதுதான். கைலி உடுத்துகிற எவனும் தலைப்பைப் பின்னால் வைத்துத்தான் உடுத்துவான். அது வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் மேல்தான் உட்காருகிறோம். ஆண்பிள்ளைகள் உட்காருகிற இடத்தைக் கொண்டுபோய் இவள் ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துவிட்டாள். ரோஷன் பீவிக்கு இது தெரியாதா? வீட்டில் இரண்டு ஆண்கள் தினமும் முதுகைக் காட்டிக்கொண்டு போகவில்லையா? ஆனால் அவளுக்குக் கைலி என்றால் மெஷின் பலகையில் கிடக்கிற துணி. விரித்ததும் முதலில் தலைப்பைத் தேடி மேலே வைப்பாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் துணியின் முகம். ஆண்கள் அதை எங்கே வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சிவகாமசுந்தரி முகம் செத்துப் போய் இறங்கினாள். உடை மாற்றக்கூட நிற்காமல் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி நேரே காஜா பேராங் வந்தாள். நாங்கள் திரும்பியபோது யூனுஸ் பாய் வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில நாளைக்கு எப்படி முகத்தக் காட்டுவேன்? டிரெஸ்ஸர் முதல் தோட்டிவரைக்கும் சிரிப்பான். அஞ்சடில எடம் வேணுமாம் எடம்! இந்தா, உன் கைலி!" உள்ளே போய்க் கையோடு கொண்டுவந்த சீலைக்கு மாற்றிக்கொண்டு உடுப்பைத் தரையில் வீசிவிட்டுப் போனாள்.

மறுநாள் யூனுஸ் பாய் கடையிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அடிக்கிற மழையை மீறி அவர் குரல் வந்தது.

"கடைக்கு வர்றவனெல்லாம் கேக்குறான், 'நெஞ்சுல கட்டுற கைலி இருக்கா தவுக்கே'ன்னு. தொழுதுட்டு வெளிய வர்றேன், செருப்பு மாட்டுற எடத்துல நிண்டு கேக்குறானுவ. வாப்பா காலத்துக் கடை! அத்தனை பேர் முன்னாடி என்னைய அம்மணமா நிக்க வச்சுட்டா!"

"நான் அப்பவே சொன்னேன், மிஸிமார் சகவாசம் வேணாம்னு" என்றாள் ஹலீமா.

"சிரிச்சவன் சிரிக்கட்டும் பெரிய மச்சான்." இது ரோஷன் பீவி. "தையல்ல ஒரு கோணல் இருந்துச்சா? கட்டம் எங்கயாச்சும் பெசகி இருந்துச்சா? அதச் சொல்லுங்க."

"தையலப் பத்தி யாருடி பேசுறா? ஆம்பள உக்கார்ற எடத்தைப் பொம்பள நெஞ்சுல வப்பியா?"

"தலைப்பு துணியில இருக்கு. ஒங்க குண்டியில இல்ல."

எங்கள் பக்கத்தில் ருக்மணி அகப்பையைக் கீழே வைத்தாள். மூத்தவரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை எந்தப் பெண்ணும் சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் யூனுஸ் பாய் பேச்சை வேறு பக்கமாகத் திருப்பினார்.

"துணி யாரு குடுத்தா?"

"கடைலேர்ந்து வந்துச்சு."

"கால் மொளச்சு நடந்து வந்துச்சா? கடைச் சாமானு என் கையத் தாண்டி வெளிய வராது. டேய் ஹாஜா, நீ குடுத்தியா?"

நான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இப்போது ஒட்டுக்கேட்டேன்தான், போகட்டும்.

"கேக்குறேன்ல. குடுத்தியா?"

"எனக்குத் தெரியாது நானா" என்றான் ஹாஜா. "மூட்ட வந்ததுலேர்ந்து எடுத்திருப்பா."

"அப்ப திருட்டும் சேர்ந்துக்கிச்சு" என்றார் யூனுஸ் பாய்.

நல்லவனின் வாயிலிருந்து ஒரு பொய் வந்தால் அதற்கு எதிர்ச்சொல் கிடையாது. ரோஷன் பீவி அழுதிருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்கும். அழவில்லை.

பொழுது விடிந்ததும் பழைய சாமான் வாங்குகிற ஆள் வந்தான். மெஷினை விற்றாயிற்று என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மெஷினின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது எங்க வாப்பா குடுத்தது" என்றாள். யூனுஸ் பாய் அவளிடம் பேசவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் தலையை அசைத்தார். ஹாஜா வந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். பழைய சாமான்காரன் மறு பக்கம். புருஷன் கை பட்டதும் அவள் தன் கையை எடுத்துவிட்டாள். இருவரும் அதைத் தூக்கிப் போய்ப் பெச்சாவில் ஏற்றியதை நான் வாசலில் பல்குச்சியோடு நின்று பார்த்தேன். ஹாஜா என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கே ஒரு தகரப் பெட்டியும், தரையில் வீசப்பட்ட அந்த உடுப்புமாக எங்கள் வாசலுக்கு வந்தாள்.

எனக்கு இஷ்டமில்லை. பினாங்குக்கு ரயில் ஏற்றிவிடலாம் என்றேன். அடுத்த வீட்டுப் பெண்ணை, அதுவும் புருஷன் உயிரோடு இருக்கிறவளை, வீட்டில் வைத்துக்கொண்டால் தெரு என்ன பேசும்?

"தெரு நேத்து பேசிச்சா?" என்றாள் ருக்மணி. "பொய் சொன்னதக் கேட்டுட்டு நீங்களுந்தானே சும்மா நின்னீங்க? பின்கட்டு அறையக் காலி பண்ணுங்க." அப்புறம் அவள் பக்கம் திரும்பி அதே குரலில், "ஒனக்கு மீன் வேணும்னா நீயே ஆக்கிக்க. எங்க வீட்டுல வெள்ளிக்கெழம கவிச்சி கெடையாது. என் சட்டியத் தொடாத" என்றாள். அன்பைக்கூடத் திட்டாகத்தான் கொடுப்பாள் என் மனைவி.

தெரு பேசத்தான் செய்தது. தண்ணீர்க் குழாயடியில் ருக்மணி வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "திருடிக்கு எடம் குடுத்த வீடு" என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். ருக்மணி திருப்பிச் சொன்னதை எழுத முடியாது.

இந்த லட்சணத்தில் ஒரு காலை யூனுஸ் பாய் வீட்டு வாசலில் ஒரு பெச்சா வந்து நின்றது. சூன் நியோ இறங்கினாள். டவுனில் பெரிய தையல் கடை வைத்திருக்கும் நோன்யா, பாபா சீனர் வீட்டுப் பெண். கெபாயாவில் தங்க ஊசிகள், வாயில் வெற்றிலை. அன்றைக்கு மண்டபத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள். ஆண்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அவள் கவலைப்படவில்லை. தையலைப் பார்த்திருந்தாள். அந்த உடுப்பைத் தைத்த பெண் எங்கே, டாக்டர் வீட்டு அம்மாவுக்கும் இன்னும் சில பேருக்கும் அதேபோல வேண்டும் என்று மலாயில் கேட்டாள்.

யூனுஸ் பாய் வியாபாரி. வெறும் வாயையே மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? நாற்காலி போட்டார், கோப்பி வரவழைத்தார். அது எங்கள் வீட்டுப் பெண், எங்கள் கடைத் துணி, ஆர்டரைக் கடைக்கே கொடுங்கள், தைத்துத் தருகிறோம் என்றார். சூன் நியோ சிரித்துவிட்டு, முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

சாயங்காலம் ஹலீமா பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ரோஷன்... ஏ ரோஷன். காதுல விழுதா?"

"விழுது லாத்தா."

"பெரிய மச்சான் கூப்புடுறாக. புது மெஷின் வாங்கித் தர்றாகளாம். பழச விட நல்ல மெஷினாம். ராங்கி பண்ணாம வந்துரு. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"நான் மெஷினக் கேட்டனா?"

"பின்ன என்னதான் வேணும் ஒனக்கு?"

ரோஷன் பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுப் பலகைக்கு நேராக நின்றாள். "அந்தத் துணிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன்னு ஒங்க கொழுந்தனச் சொல்லச் சொல்லுங்க. பெரிய மச்சான் முன்னாடி, நாலு பேர் கேக்க. அது போதும். மெஷின் இல்லாட்டியும் வர்றேன். மறுபடி கைலி மூட்டச் சொன்னாலும் மூட்டுறேன்."

அந்தப் பக்கம் ஹாஜா இருந்தான். அவன் இருமல் எனக்குத் தெரியும். ஒருமுறை இருமினான். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். ருக்மணி அடுப்பில் எரிகிற விறகைக்கூடப் பின்னுக்கு இழுத்துவிட்டாள், சத்தம் குறையட்டும் என்று.

"ஆம்பளையத் தலகுனிய வச்சுத்தான் நீ குடும்பம் நடத்தணுமா?" என்றாள் ஹலீமா கடைசியில்.

"அப்ப நான் திருடியாவே இருந்துக்கிறேன் லாத்தா."

"இரு! செத்தாலும் இந்த வாசல்ல மிதிக்காத!" யூனுஸ் பாயின் குரல் பலகை அதிர வந்தது. ரோஷன் பீவி மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். இப்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயமா, வேறா என்று கேட்கிற அளவுக்கு நான் மடையன் இல்லை.

மறுநாள் சூன் நியோ வருமுன்பே ரோஷன் பீவி அந்த உடுப்பைத் தாளில் சுற்றிக்கொண்டு டவுனில் இருந்த அவள் கடைக்கே நடந்தாள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். கடையில் இன்னொரு தையல்காரி, தலைப்பைக் கீழே பாவாடை ஓரத்துக்கு இறக்கிவிட்டால் ஆண்கள் சிரிக்கமாட்டார்களே என்று யோசனை சொன்னாளாம். இவள் முடியாது என்றுவிட்டாள். "சிரிக்கிறவனுக்குக் கண்ணு தப்பான எடத்துல இருக்கு. அதுக்குத் துணி என்ன பண்ணும்?" என்று எங்களிடம் வந்து சொன்னாள். டாக்டர் வீட்டு அம்மா தலைப்பு மார்பில் வைத்துப் போட்டுக்கொண்டு ஏதோ விருந்துக்குப் போனாள். டாக்டர் வீட்டு அம்மாவைப் பார்த்து மலாக்காவில் யார் சிரிப்பது? சிவகாமசுந்தரிகூட ஒரு நாள் அந்தப் பழைய உடுப்பைக் கேட்டு வந்தாள். "அது தரைல கெடந்தது மிஸி, ஒங்களுக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பினாள் ரோஷன் பீவி. அவள் முகத்தில் இளக்கம் என்பதே அப்போது இல்லை. எனக்கே அவளிடம் பேசப் பயமாக இருந்தது.

உடுப்பு கேட்டு ஆட்கள் கூடக்கூடத் துணி தீர்ந்தது. நல்ல மெட்ராஸ் கைலி என்றால் யூனுஸ் பாய் கடைதான். சூன் நியோ தானே போய் வாங்குவதாகவும், தரம் பார்க்க ரோஷன் பீவி வரவேண்டும் என்றும் சொன்னாள். சனிக்கிழமை. ருக்மணி என்னையும் கூடப் போகச் சொல்லி விரட்டினாள். "அந்தாளு ஏதாவது கையோங்கினா நடுவுல நில்லுங்க. ஒரு நாளாவது எதுக்காவது ஆவீங்க."

கையோங்கவில்லை. கடைக்குள் கால் வைத்ததும் யூனுஸ் பாய் எழுந்தே நின்றார். "மாசோக், மாசோக், நோன்யா!" என்று உள்ளே அழைத்தார். முகமெல்லாம் பல். அந்த வீட்டுப் பெண்கள் ஒருநாளும் ஏறியறியாத கடை அது. ரோஷன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யூனுஸ் பாய் அதையும் பார்க்காதது போல இருந்தார்.

"டேய், எடுத்துக் காட்டு" என்றார்.

ஹாஜா விரித்தான். இளைத்திருந்தான். அவன் ஒவ்வொரு கைலியாக உதறிப் போட, அவள் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நாக்கில் விரலைத் தொட்டு ஈரப்படுத்திச் சாயத்தில் தேய்த்துப் பார்த்தாள். பிடித்ததை ஒரு பக்கம் வைத்தாள், பிடிக்காததை அவன் பக்கம் தள்ளினாள். பலகை நிறையத் துணி சேர்ந்தது.

யூனுஸ் பாய் தாங்கமாட்டாமல் சூன் நியோவிடம் மலாயில், "எங்கள் வீட்டுப் பெண்தான் நோன்யா. கையில் வேலையைப் பாருங்கள்" என்று பெருமை அடித்தார்.

அன்றைக்கும் அவர் இப்படிச் சொன்னது சூன் நியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. விரித்துக்கொண்டிருந்தவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் இவர் உனக்கு யார்?" என்று கேட்டாள்.

ரோஷன் பீவி துணியிலிருந்து தலையை எடுக்காமல் மலாயிலேயே பதில் சொன்னாள். "இந்தக் கடையில் வேலை பார்க்கிறவர்."

ஹாஜாவின் கை நின்றுவிட்டது. விரித்த கைலி பாதியில் தொங்கியது. கடை வாசலில் நின்ற நாலு பேரும் கேட்கும்படி, தமிழில் சொன்னான்.

"நானா... அன்னைக்கு அந்தத் துணிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவ எடுக்கல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றார் யூனுஸ் பாய், எரிச்சலோடு. "கஸ்டமரு உக்காந்திருக்காங்க. கையில உள்ளதக் காட்டு."

நான் ரோஷன் பீவியைப் பார்த்தேன். அவள் மூத்தவரை நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்த துணியின் முனையைப் பிடித்து இழுத்து, விரலை ஈரமாக்கித் தேய்த்தாள்.

"இது சாயம் போகும்" என்றாள். "வேற காட்டுங்க."